பாரிஸில் பிறக்காதவள்

மார்ச் 3, செவ்வாய்

பனி, பிறகு மழை. ஜான்-டலோன் சந்தையில் முருங்கைக்காய். அங்கிருந்து அக்கா வீடு, கோட்-டெ-நெய்ஜ். அவர் மகள் தாரணிக்கு ஏப்ரல் 26 கலியாணம். ஐயர், மண்டபம், சாப்பாடு ஆயத்தம். மணமகள் பிறந்ததற்கு மட்டும் ஆதாரம் இல்லை. இரண்டு வயதில் பிரான்ஸிலிருந்து கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவள். பிறப்புப் பத்திரம் வீடு மாறியதில் தொலைந்தது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பிரதி வராவிட்டால் கலியாணப் பதிவும் இல்லை.

குடும்பத்தில் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. பிறந்த இடம்? "பாரிஸ்," என்றார் அக்கா. பாரிஸ் நகரசபைக்கு இணையத்தில் அனுப்பியாயிற்று.

மார்ச் 11, புதன்

பதில். பாரிஸில் இருபது வட்டாரங்கள். ஒன்றிலும் தாரணி பிறக்கவில்லை. மிக மரியாதையான கடிதம்.

"அப்ப நான் ஆர் மாமா?" என்றாள் தாரணி.

அக்காவைக் கேட்டேன். "லா கூர்நெவ்ல இருந்தனாங்கள். அதைப் பாரிஸ் எண்டுதானே எல்லாரும் சொல்றது?"

உண்மை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒருவரும் புறநகரில் இருந்ததில்லை.

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்க வரைபடம். பிரமிப்பு. பாரிஸின் எல்லையில் தனி மாவட்டம், எண் 93. தலைமையகம் பொபினி. உள்ளே எத்தனை நகரசபைகள்! ஒவ்வொன்றுக்கும் மேயர், பதிவேடு. தெருவைக் கடந்தால் வேறு ஊர். பிறப்பைப் பதிவது குடியிருந்த ஊர் அல்ல, ஆஸ்பத்திரி நின்ற ஊர்.

அக்காவுக்குப் போன். எந்த ஆஸ்பத்திரி?

"பேர் ஞாபகமில்லையடா. ட்ராமில போனது. அந்த ஊரிலதான் ராசாக்களைத் தாட்ட பெரிய சேர்ச். இவர் அதைக் காட்டி, 'ராசாத்தி பிறக்கச் சரியான இடம்' எண்டவர்."

இவர் என்றது அத்தானை. செத்து ஒன்பது வருடம்.

பிரான்ஸ் அரசர்களைப் புதைத்த தேவாலயம் என்றால் சென்-துனி. அதே 93, லா கூர்நெவுக்குப் பக்கத்து ஊர். உடனே எழுதினேன்.

ஏப்ரல் 1, புதன்

வெயில். உறை வந்தது! முழுப் பிரதி, மூலப் பக்கத்தின் படம். பிறந்த நேரம் நிமிடக் கணக்கில். சாதகத்தில் உள்ளதற்கு இருபது நிமிடம் வித்தியாசம். ஐயருக்குச் சொல்லப்போவதில்லை.

அறிவித்தவர்: தகப்பன். தொழில்: சமையலறை உதவியாள். கீழே, தமிழில், அத்தானின் கையெழுத்து. பிரான்ஸின் அரசர்கள் கிடக்கும் ஊரில், நகரசபை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறது.

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். கையெழுத்தை விரலால் தொட்டார். "கடைசி எழுத்தை எப்பவும் இப்பிடித்தான் இழுப்பார்."

"அம்மா, பதிவுக்கு இண்டைக்கே குடுக்கவேணும்," தாரணி.

"குடுத்தால் திருப்பித் தருவினமோ?"

"தரமாட்டினம்."

அக்கா கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

வீடு வந்து இன்னொரு பிரதிக்கு எழுதினேன். பிறந்த இடம்: சென்-துனி, 93.