சப்பரத்துக்கு ஒரு தோள்

சந்தியாகுவுக்கு இரண்டாம் முறை குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். தூங்குகிறவரை எழுப்பினால் மறுபடி சண்டைதான் என்று அலுத்துப்போய், மனைவி பவுலின் சீட்டெழுதி மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"ஏனுங்க, ரசஞ்சோறு மேசை மேல இருக்குதுங்க. கீரையும் தின்னுபோடுங்க, முக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. இருமுனா தலகாணிய வயித்துல அமுக்கிப் புடிச்சுக்குங்க. பீடிக்கட்டத் தேடாதீங்க, வீசிப்போட்டேன். போன வருசம் புண்ணு ஆறுறதுக்குள்ள மாதா சப்பரம் தூக்கப் போயித்தான் மறுபடியும் குடல் எறங்குச்சு. இந்த வருசமும் பேர் குடுத்திருக்கீங்கன்னு ஃபாதர் சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும்."

சீட்டின் அடியில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"வேட்டியெல்லாம் பீரோவுல பூட்டிட்டேன், சாவி என்கிட்ட. நம்ம புள்ள சாரா பொழைக்கணும்னு நேர்ந்துக்கிட்டது நீங்க மட்டும் இல்லீங்க. இன்னைக்கு உங்க எடத்துல நான் தோள் குடுக்கறேன். சப்பரம் நம்ம ஊட்டுக்கு முன்னால வாரப்ப ஜன்னல்ல நில்லுங்க."