மாத்திரையை நிறுத்திய குளிர்காலம்

இன்று அம்புலன்ஸ் நிலையத்தின் ஓய்வறையில், உடன் வேலை செய்பவர் ஒருவர் விற்றமின் சி மாத்திரையைத் தண்ணீரில் போட்டார். அது நுரைத்துக் கரைந்தபோது எழுந்த தோடம்பழ வாசனையில் உம்முடைய சிரிப்புக் கேட்டது.

முதற்சந்திப்பில் நான் "நீர்" என்றதற்குச் சிரித்த சிரிப்பு அது. "எங்க ஊர்ல நீர்னா தண்ணிப்பா!" என்றீர். நாமெல்லாம் பொத்தான் போன் வைத்திருந்த காலம். எலிகளில் செய்யும் தசை ஆராய்ச்சிக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஒஸ்லோ வந்து, நகரின் விளிம்பிலுள்ள ரொம்சோஸில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தீர். நானோ அம்புலன்ஸ் பயிற்சிக்கான ஓட்டத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தேன். வசந்தத்தில் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி.

ஓடிய மறுநாள் படியிறங்க முடியாமல் கால் வலிக்கும். நகர நடுவிலுள்ள குறொன்லாண்ட் கடைத்தெருவில் விற்றமின் சி, ஈ என்று பெரிய போத்தல்களாக வாங்கி, சொன்ன அளவுக்கும் மேலே விழுங்கிக்கொண்டிருந்தேன். நீர் கண்டுவிட்டீர்.

"எதுக்குப்பா இவ்வளவு?"

"வலி கெதியா மாறுமாம். எல்லாரும் சொல்லினம்."

"ஓடும்போது தசையில கொஞ்சம் சேதம் ஆகும். அந்தச் சேதம்தான் அதுக்குச் சேதி, பலப்படுத்திக்கோன்னு. அளவுக்கு மீறி மாத்திரை போட்டா அந்தச் சேதியே போய்ச் சேராதோன்னு எங்களுக்குச் சந்தேகம்."

"நீர் எலியைப் பாத்துக் கதைக்கிறீர். ஓடப்போறது நான்!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை, சப்பாத்துக் கட்டிக்கொண்டு என் கதவடியில் நின்றீர். "வா. எனக்கும் வலிக்கட்டும்." பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர் நீர்.

அன்றே மாத்திரைகளை நிறுத்தினேன். பனியை மிதித்து மேட்டில் ஏறி ஏறி ஓடினோம். முதல் வாரம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகப் படியிறங்கினீர்; "இதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி" என்று முனகினீர். பனி உருகுமுன்பே வலி குறைந்தது, மூச்சு நீண்டது. தேர்வில் நேரம் மிச்சமிருக்க ஓடி முடித்தேன்.

"பாத்தீரே, நீர் சொன்னதுதான் சரி!" என்று கட்டிப்பிடித்தேன்.

"ஒருத்தி ஜெயிச்சதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா. விடாம ஓடுனதாலகூட இருக்கலாம்" என்றீர், கண் கலங்கியபடியே.

நீர் ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் புற்றுநோய் உம்மைக் கொண்டுபோயிற்று. செய்தி வந்த காலை அதே மேட்டில் தனியே ஓடினேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓடினேன்.

நேற்று, லிஃப்ட் பழுதான கட்டடமொன்றின் நாலாம் மாடியிலிருந்து கனத்த மனிதர் ஒருவரைத் தூக்கி இறக்கினோம். கடைசிப் படிவரை என் கால் நடுங்கவில்லை. உம்மோடு ஓடி உரமேறிய கால்கள் இவை.