சிவப்புக்குக் கீழே உன் குரல்

இன்று காலை உன் குரல் கிழிந்து வந்தது. ஒலிபெருக்கிக்குள் யாரோ காய்ந்த ஓலையைக் கசக்குவது போல. ஒரு சொல்லும் புரியவில்லை.

மாலையில் உன் மனைவி வருகிறார். "அவர் குரல் உங்ககிட்ட எங்கியாவது இருக்குதாண்ணே?" என்று உன் காரியம் முடிந்த அன்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருப்பது இந்த ஒரே பதிவுதான், நீ லினக்ஸ் ஏற்றிக்கொடுத்த இந்தப் பழைய கணினியில்.

இதே நாற்காலியில் இதே பயத்தோடு நீ என்னைப் பார்த்திருக்கிறாய். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், விடுதிக்காரர்கள் எழுப்பிய மதிலைப் பற்றி மீனவர் ஒருவர் என் பதிவுக் கருவியில் பேசியிருந்தார். "சொவுரு கடல் வரிக்கும் வந்துட்ச்சி, படகை எங்க ஏத்துறது?" அன்றே அவரை மிரட்டிவிட்டார்கள்; மறுபடி வாய் திறக்க மாட்டார். குரலைக் கேட்காமல் அச்சேற்ற முடியாது என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். நானோ பதிவைக் கணினிக்கு மாற்றியதும், அடுத்த பேட்டிக்கு இடம் வேண்டுமென்று கருவியில் அழித்திருந்தேன். ஒலிக்கவிட்டால் வெறும் கரகரப்பு.

சிறுசேரி மென்பொருள் அலுவலகத்திலிருந்து நேராகச் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்து நின்றாய்.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாரா கீது?"

"பதிவு போச்சுடா. வேற காப்பியும் இல்ல."

நீ அதைத் தொடவே இல்லை. ஒரு சினிமாப் பாட்டைப் போட்டாய். அதுவும் கரகரத்தது.

"பாட்டும்தான் கத்துது. அதுவும் பூட்ச்சா? நீயெல்லாம் இன்னா ரிப்போர்ட்டரு? ஒரே சாட்சிய கேட்டுட்டு தீர்ப்பு எழுதிக்கினு கீற."

கறுப்புத் திரையில் ஒலி அளவைக் காட்டும் கம்பங்கள் எழுந்தன. எல்லாம் உச்சியில், சிவப்பில். அலைச்சத்தத்தில் மீனவர் குரல் அமுங்குகிறது என்று நான்தான் ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தேன். கணினியோடு கூடவே வரும் சின்ன ஒலிச் சில்லு அவ்வளவு தாங்காது என்றபடி கம்பங்களைச் சிவப்புக்குக் கீழே இறக்கினாய்.

"சத்தம் வோணும்னா ஸ்பீக்கர்ல திருகு. இங்க ஏத்தாத."

மீனவர் தெளிவாகப் பேசினார், பின்னால் கடலோடு. செய்தி வந்தது. மைக்கையும் பார்த்துவிடலாமென்று அன்று நீ ஏதோ பேசிப் பதிந்தாய். அதுதான் இது.

இரண்டாவது ஆளைக் கேட்காமல் நான் செய்தி எழுதியதில்லை. பயம் வந்தால் மட்டும் அது மறந்துபோகிறது. இன்று கொஞ்சம் தாமதமாகத்தான் பாட்டைப் போட்டேன். அதுவும் கிழிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நேற்று கணினியைப் புதுப்பித்ததில் கம்பங்கள் மறுபடி உச்சிக்குப் போயிருந்தன. இறக்கினேன்.

"ஹலோ, ஹலோ. மச்சான், என் வூட்டுக்கு ஒரு போன் போட்டு சொல்லிடு. நான் வர லேட்டாவும், சாப்ட்டு தூங்க சொல்லு."

அவ்வளவுதான் இருக்கிறது. அன்று உனக்காக நான் சொன்னேன். இன்று நீயே சொல்லப் போகிறாய்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. கம்பங்களை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன்.