கிளப் இல்லாத வருஷத்து ஞாயித்துக்கிழமைங்க

அக்கா,

இன்னைக்குக் காலையில ஃபேக்டரி வேன்ல என் போன் சீட்டுக்கு அடியில விழுந்துருச்சு. குனிஞ்சு தேடுனா, போனோட சேர்ந்து உங்க டப்பாவும் கையில மாட்டுச்சு. தண்ணி பாட்டில பாதியா வெட்டி, குவாச்சித் தோலு போட வெச்சிருந்தீங்களே, அதுதான். அடியில இன்னும் நாலஞ்சு சூரியகாந்தி வெதைத் தோலு ஒட்டிட்டு இருக்கு. மோந்து பாத்தேன். உப்பு வாசனை போகவே இல்ல.

டத்தோ கிராமாட்ல வேன் ஏறுனா, கடல் பாலத்து ஜாமத் தாண்டி மாக் மண்டின்ல நம்ம ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க குவாச்சி கொறிப்பீங்க, நான் பேசுவேன். வேன் ஓட்டுற அண்ணே கண்ணாடியில பாத்து, "ரெண்டு வாயும் மூடாதா லா, ரேடியோவே கேக்கல"ன்னு திட்டுவாரு.

நான் பேசுனதெல்லாம் ஒரே விஷயம்தான். ஸ்பெயின்ல, கடலே இல்லாத ஒரு சின்ன டவுனு ஃபுட்பால் கிளப். போன் கேம்ல ரேண்டமா எனக்கு விழுந்த டீம். ரெண்டு சீசன் ஆடிட்டு, இவங்க நெஜமாவே யாருன்னு தேடப் போனவதான், இன்னும் வெளிய வரல. ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாது. பழைய பேப்பர் ஸ்கேனையெல்லாம் டிரான்ஸ்லேட்டர்ல போட்டுப் படிச்சு, மறுநாள் உங்க காதுல கொட்டுவேன்.

நீங்க ஒரு மேட்ச் கூட முழுசாப் பாத்ததில்ல. ஆனா கேள்வி கேப்பீங்க. மாட்டுச் சந்தை நடந்த திடல்லதான் மொதல்ல ஆடுனாங்கன்னு சொன்னேன். "சாணிய யாரு அள்ளுனா?"ன்னீங்க. அவங்ககிட்ட ஒரே செட் ஜெர்சிதான், எதிர் டீம் அதே கலர்ல வந்துட்டா சட்டைய உள்பக்கமாத் திருப்பிப் போட்டுட்டு ஆடுவாங்கன்னு சொன்னேன். "அப்ப தொவைக்கிறவ எந்தப் பக்கத்த தேய்ப்பா?" இதுக்கெல்லாம் எந்தப் பேஜ்லயும் பதில் இல்லக்கா. ஃபேக்டரியில க்யூசியா நின்னு சாமான்ல கொறை தேடுன கண்ணு, என் கதையிலயும் ஓட்டை தேடும்.

அப்புறம் ஒடம்பு முடியாம நீங்க வேலைக்கு வர்றது நின்னு போச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அன்னைக்கு, கிளப்ப இழுத்து மூடுன கதைக்கு வந்திருந்தேன். ஒரு முழு வருஷம் டீமே இல்ல. அடுத்த வருஷம் ரசிகருங்களே ஒண்ணு சேந்து, ஆகக் கடைசி டிவிஷன்லேருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. அந்த ரெண்டாவது பாதிய சொல்லத்தான் எனக்கு அவசரம். நீங்க விடல.

"இரு. அந்த ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை ஆனா அவங்கெல்லாம் என்னா செஞ்சாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. "வேற டீம் பாக்கப் போயிருப்பாங்க லா அக்கா. பக்கத்து டவுன்லதான் நல்ல டீம் இருக்கே."

"அவ்ளோ சீக்கிரமாவா?"ன்னீங்க. அப்புறம், "வேன்ல என் சீட்டுல யாரு ஒக்காருறா?"

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குக்கா."

"ம்."

பஸ்ல திரும்புறப்பதான் நான் சொன்ன ரெண்டு பதிலும் ஒண்ணுதான்னு ஒறைச்சுது. எறங்குறதுக்குள்ள அந்த கிளப் ரசிகருங்க ஃபோரத்துல உங்க கேள்விய அப்படியே போட்டேன். பதில் வந்தா ஓடி வந்து சொல்லணும்னு இருந்தேன். தெனம் பாத்தேன். ஒருத்தரும் எழுதல. அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க.

போன வாரம் பதில் வந்துச்சுக்கா. அந்த ஊர்ல கசாப்புக் கடை வெச்சிருந்த ஒரு அம்மா எழுதியிருக்காங்க. மொத ஞாயித்துக்கிழமை மேட்ச் நேரத்துக்கு, கால் தானா ஸ்டேடியத்துக்குப் போயிடுச்சாம். கேட்டு பூட்டியிருந்துச்சாம். பாத்தா நாப்பது பேரு ஏற்கெனவே நிக்கிறாங்களாம். எல்லாரும் சுவத்தோரமா நின்னு வெதை கொறிச்சுட்டு, தொண்ணூறு நிமிஷம் ஆனதும் வீட்டுக்குப் போனாங்களாம். வருஷம் பூரா அப்படித்தானாம், ஆனா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.

ஏன் ஒரு வாரம் விட்டுன்னு கேட்டேன். "மத்த வாரம் டீமு வெளியூர்ல ஆடும்ல"ன்னு எழுதுனாங்க.

இல்லாத டீமுக்கு வெளியூர் மேட்ச். அதப் படிச்சுட்டு நான் சிரிச்சேன், அப்புறம் சிரிக்கல.

என்னா வெதைன்னு கேட்டதுக்கு அப்ப எடுத்த ஒரு போட்டோ அனுப்புனாங்க. பூட்டுன கேட்டு, கீழ தரை பூரா தோலு. குவாச்சிதான்க்கா. உங்க குவாச்சியேதான்.

இன்னைக்கு டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு, பாலத்து மேல வேன்ல எல்லாருக்கும் இதச் சொன்னேன். அண்ணே ரேடியோவ அணைச்சாரு. உங்க சீட்டுல இருந்த பொண்ணு முழுசாக் கேட்டுட்டு, "மழை பேஞ்சா என்னா செஞ்சாங்க?"ன்னு கேட்டுச்சு.

கொடை புடிச்சிருப்பாங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

"தெரியல. கேட்டுச் சொல்றேன்"னு சொன்னேன். டப்பாவக் கழுவாம, இருந்த எடத்துலயே வெச்சேன்.