அப்பாவுக்கு அடிக்காத மணி

காந்தலூர்,
19 ஜனவரி 2026

கர்த்தருக்குள் அண்ணன் செல்லத்துரைக்கு, தங்கை பாக்கியமணி எழுதுவது. ஸ்தோத்திரம். அன்புள்ள என்று தொடங்கத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். பனி கடுமை. பிளம்ஸ் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. நேற்று நம் சபையில் உங்கள் மகள் வினோவின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். நீங்கள் மலைக்கு மேற்கே சித்தூரில் குடியேறி இருபது வருஷம் ஆகியும் சபைப் பேரை இங்கேயே வைத்திருக்கிறீர்கள். அதனால் மூன்று ஞாயிறும் இங்கேயும் வாசிக்க வேண்டும். தடை சொல்லுகிறவர்கள் உண்டா என்று போதகர் கேட்டபோது பாதிச் சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.

“நடந்தது நடந்துபோச்சு பாக்கியம், காலம் எல்லாத்தையும் ஆத்தும், வந்து முன்னால நில்லு” என்று போனில் சொன்னீர்கள். காலம் கர்த்தருடையது அண்ணா. பிறக்கிற நாளும் போகிற நாளும் அவர் குறிப்பது. அப்பாவுக்கு அவர் குறித்த நாளைப் பத்தொன்பது நாள் என்னிடமிருந்து ஒளித்துவைத்தீர்களே, அதை எந்தக் காலம் ஆற்றும்?

கொஞ்ச நாள் வைத்திருந்து கொண்டுவந்து விடுகிறேன் என்றுதான் அப்பாவைக் கூட்டிப்போனீர்கள். கடைசியில் போனில், “மலையில மழை, ரோடு இடிஞ்சு கெடந்துச்சு, நீ எப்படி வந்திருப்ப? அதான் சொல்லாம அடக்கம் பண்ணிட்டோம்” என்றீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் சபைக் காலண்டரில் அன்றன்று நடந்ததைக் கட்டத்துக்குள் எழுதிவைக்கிறவள். போனை வைத்ததும், அப்பா இறந்ததாக நீங்கள் சொன்ன ஆகஸ்ட் ஆறாம் தேதியைப் பார்த்தேன். ‘நல்ல வெயில். காற்று. பூண்டு காயப் போட்டேன். உடுமலை பஸ் இரண்டு தடவை வந்தது.’ ஆடியில் மழை உங்கள் பக்கம். நம் ஊருக்கு மழை ஐப்பசியில்தான். இங்கே பிறந்த உங்களுக்கு அதுகூட மறந்துவிட்டது. பொய் சொல்வதற்காகவாவது ஊரை ஞாபகம் வைத்திருக்கலாம்.

உண்மையை வினோதான் சொன்னாள். “‘அவ வந்தா அழுது ஊரைக் கூட்டிருவா, புதுவீட்டு ஜெபம் முடியட்டும்’னு அப்பா சொல்லிட்டாங்க அத்தை” என்று அழுதாள். அப்பா மண்ணுக்குள் போன பதினேழாம் நாள் நீங்கள் பிரியாணி போட்டீர்கள். அன்று நான் அப்பாவுக்கு மப்ளர் பின்னிக்கொண்டிருந்தேன். அதுவும் காலண்டரில் இருக்கிறது.

போதகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இது தடை ஆகாதும்மா. பழியைக் கர்த்தரிடம் விட்டுடுங்க” என்றார். விடுகிறேன். ஆனால் நீங்கள் அவர் சந்நிதிக்கு வரவேண்டுமே.

நம் சபையில் யார் போனாலும் வயசுக்கு ஒன்றாகக் கோயில் மணி அடிப்பார்கள். அம்மாவுக்கு அறுபத்தொன்று. கேட்டின் அருகே நின்று இரண்டு பேரும் எண்ணினோம். அப்பாவுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. ஜனவரி 31, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் வந்து உங்கள் கையால் எழுபத்தெட்டு அடிக்க வேண்டும். யார் இறந்தது என்று சனம் ஓடி வரும். என்றைக்கு என்றும் சேர்த்து நீங்களே சொல்லுங்கள். போதகர் சம்மதித்துவிட்டார். வலது தோள் வலி என்று வினோ சொன்னாள். இடது கை இருக்கிறது. நான் கீழே நின்று எண்ணுவேன்.

வராவிட்டால் மறுநாள் மூன்றாம் ஓலை. எழுந்து நின்று ஆகஸ்ட் ஆறாம் தேதியை வாசிப்பேன். அது தடை ஆகாது என்று எனக்கும் தெரியும். காது எல்லோருக்கும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமையே கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகக் கிளம்பினால் நேரத்துக்கு வரலாம். அடித்து முடித்தால் வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. அப்பாவின் மப்ளரைப் பின்னி முடித்துவிட்டேன். பனிக்கு வேண்டுமானால் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அடியுங்கள்.

வினோவைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். உங்களுக்கும் அப்பாவின் வயசை அவர் முழுசாகக் கொடுக்கட்டும். உங்களுக்காக அந்த மணி அடிக்கிற நாளில், கீழே நின்று எண்ணுவதற்கு உங்களுக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று ஜெபிக்கிற,

பாக்கியமணி