லாயத்துச் சட்டை

ஏ மகாராணி,

உன்னை உள்ள படுக்க வெச்சுட்டு என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. அதான் நர்சம்மாகிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, இருமல் வரும்.

காலையில டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, வீட்டுல குதிரை வளர்க்குறீங்களா?"ன்னார். "இல்லைங்க, கழுதை ஒண்ணு இருக்குன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா, அது நான்தான்"னேன். மனுஷன் சிரிக்கல. "அப்போ குதிரை லாயத்துக்குப் போறது யாரு?"ன்னார்.

"நான்தாங்க, லாயத்துல குதிரைங்களைப் பார்த்துக்குற வேலை"ன்னேன்.

உன் நுரையீரல்ல இருக்குறது லாயத்து மண்ணுல வாழுற கிருமியாம். என்னை மாதிரி ஆளுங்களை அது சீண்டாதாம். நான் கொடுத்த கிட்னியை உன் உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு மாத்திரை போடுறியே, அது உன் எதிர்ப்பு சக்தியைக் குறைச்சு வெச்சிருக்காம். அந்தச் சந்துல நுழைஞ்சிடுச்சாம். மருந்து கேட்டா பிழைச்சுக்குவாங்கன்னார். கேக்கலைன்னா என்னன்னு நான் கேக்கல.

தினமும் சாயங்காலம் என் சட்டையைக் கழட்டி வாங்கி, "குதிரையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா"ன்னு முகத்துக்கு நேரா உதறுவியே. அந்தத் தூசிதானாம். நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பேன்.

வேலையை விட்டுட்டேன். சட்டையையும் லாயத்துலயே போட்டுட்டு வந்துட்டேன். நீ வீட்டுக்கு வரும்போது என் மேல சோப்பு வாசம்தான் அடிக்கும். யாரோ எவனோன்னு கதவைச் சாத்திடாதே.

அந்தக் கழுதை