நீரிணையில் ஒரு வெள்ளைத் துணி

அண்ணே,

நேற்று முருங்கைக்கீரை வாங்க லிட்டில் இந்தியா போயிருந்தேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒருவர் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் கீரை மறந்துபோனது. உட்லண்ட்ஸில் உங்கள் வீட்டுக் கூடம் ஒரு காலத்தில் அப்படித்தான் மணந்தது. காற்றடைக்கும் பழைய ரப்பர் படகு ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து தரையில் விரித்துப்போட்டு, ஓட்டைகளைத் தேடித்தேடி ஒட்டிக்கொண்டிருந்தீர்கள்.

எதற்கு என்று கேட்டவர்களிடம் உடற்பயிற்சி என்றீர்கள். நாலு மாடி கீழே குடியிருந்த எனக்கு மட்டும் உண்மை தெரியும். காரணம் ஒரு வேட்டி.

உங்கள் ஜன்னலிலிருந்து, நமக்கும் அடுத்த நாட்டு ஜொகூருக்கும் நடுவே ஓடும் நீரிணை தெரியும். அதில் மிதக்கும் ஒரு மீன் பண்ணை, அதன்மேல் ஒரு குடிசை, குடிசைக்கு முன்னால் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணி. அண்ணி போன பிறகு தினமும் காலையில் பைனாகுலரோடு அங்கேதான் நிற்பீர்கள்.

"வேட்டிதான்லா தம்பி. நம்ம ஆளு எவனோ அங்க தனியா இருக்கான்."

"பெட்ஷீட்டா இருக்கும்ண்ணே."

"பெட்ஷீட்டை எவன் தினம் துவைப்பான்? நீ துவைப்பியா?"

என் பெட்ஷீட் மாதம் ஒருமுறைதான் தண்ணீரைப் பார்க்கும்.

இப்படியே வருடக்கணக்கில் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் உங்கள் மகன் புக்கிட் பாத்தோக்கில் வீடு வாங்கி, நீங்கள் இனி தனியாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு அடுக்குமாடிப் புளோக்தான். "யாருன்னு தெரியாமலே போயிடுவேன் போலருக்கு தம்பி" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ரப்பர் படகுக்கு ஒரு மோட்டாரும் வாங்கினீர்கள். இந்த ஊரில் மோட்டார் படகு ஓட்ட உரிமம் வேண்டும். பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதித் தேறினீர்கள். மகன் தன் காரை உங்களிடம் தருவதில்லை. அரசாங்கம் கடலையே தந்தது.

படகுக்கு முதன்முதலாக முழுக்காற்று அடித்தது, குடியிருப்பவர்கள் கல்யாணம்கூட நடத்தும் நம் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில். பந்து விளையாடக் கூடாது என்று அங்கே பலகை இருந்தது. படகைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்று எனக்குச் சுட்டிக்காட்டினீர்கள். லிஃப்டிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டு அம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை காலை செம்பவாங் கடற்கரையில் இறங்கினோம். இரண்டு ஆரஞ்சு மிதவைச் சட்டைகள், உங்கள் தொப்பி, பைனாகுலர், ஒரு தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சை சாதம். அதோடு இரண்டு பாஸ்போர்ட், பிளாஸ்டிக் பையில் சுற்றி. நீரிணையின் நடுவே எல்லைக்கோடு இருக்கிறது, தண்ணீரில் அது தெரியாது, எதற்கும் கையில் இருக்கட்டும் என்றீர்கள். தவறி எல்லை தாண்டினால் முத்திரை குத்த அங்கே யார் நிற்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

கரையை விட்டு விலகியதும் திரும்பிப் பார்த்தோம். தீவில் பிறந்து தீவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர், தீவை முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தோம். நம் புளோக்கைத் தேடினீர்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. என் ஜன்னல் எதுன்னு எனக்கே தெரியலையே" என்றீர்கள். அதில் வருத்தம் இல்லை. புதிர் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

பண்ணையை நெருங்கும்போது மோட்டார் நின்றது. நீங்கள் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். நீரோட்டம் நம்மை ஜொகூர்ப் பக்கம் நகர்த்தியது. பாஸ்போர்ட் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போது குடிசையிலிருந்து ஓடிவந்த ஒருவர் ஒரு வடத்தை வீசினார். அரைக்கால் சட்டை போட்ட சீனப் பெரியவர், மலாய் பேசினார். வேட்டி கட்டும் ஆளாகத் தெரியவில்லை.

நாம் ஏறியதும் தண்ணீர் கூடத் தராமல் வேலையைத் தொடங்கிவிட்டார். வலைகளைத் தூக்கிக் காட்டினார். தீயணைப்புக் கருவியைக் காட்டினார். பலகைகளுக்கு இடையில் குப்பை இல்லை என்று குனிந்து பார்க்கச் சொன்னார். ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தீர்கள். கடைசியில் கம்பத்துத் துணியைக் காட்டி என்ன என்று கேட்டீர்கள்.

"கொக்கு விரட்ட" என்றார். "தினமும் துவைக்கிறேன். நீங்க பார்க்கிறீங்கன்னு தெரியும்."

"நாங்களா?"

அவர் கரையைக் காட்டினார். தினமும் காலையில் அங்கே ஒரு ஜன்னலில் பைனாகுலர் கண்ணாடி மின்னுமாம். கவர்மெண்ட்தான் கண்காணிக்கிறது என்று, அதை முதலில் கண்ட நாளிலிருந்து பண்ணையைத் துடைத்துவைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள்.

"கவர்மெண்ட் இல்ல அங்கிள். நான்தான். சும்மா பார்த்தேன். திங்கள்கிழமை வீடு மாறிப் போறேன். அதுக்கப்புறம் அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கரைப் பக்கம் திரும்பினார். "சும்மாவா?" என்று கேட்டார். சும்மாதான் என்றீர்கள். அப்புறம்தான் தண்ணீர் வந்தது. எலுமிச்சை சாதத்தை மூவரும் சாப்பிட்டோம். மோட்டாரை அவரே சரிசெய்து தந்தார்.

திங்கள்கிழமை லாரி வருவதற்கு முன்னால் என்னை மேலே கூப்பிட்டீர்கள். ஜன்னலுக்கு வெளியே துண்டை வீசிக் காட்டினீர்கள். பைனாகுலரில் நான் பார்த்தேன். கம்பத்தில் துணி இல்லை. அது அவர் கையில் இருந்தது. தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். "என்ன பண்றார், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பைனாகுலரைத் தருகிறேன் என்றேன். "வேணாம், கை ஒழியலை" என்றீர்கள்.

புக்கிட் பாத்தோக்கில் உங்களுக்குப் பொழுது போகாது என்று எல்லோரும் வருத்தப்பட்டோம். நீங்கள் கண்ணை மூடியபின் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தவர்களில் ஒரு மலாய் அம்மாவும் இருந்தார். வாசலில் தயங்கி நின்றார். எதிர்ப் புளோக்காம். உங்கள் பெயர் தெரியாது. "தினம் காலையில ஜன்னல்ல கை காட்டுவார், நானும் காட்டுவேன். கொஞ்ச நாளா ஜன்னல் மூடியே இருந்துச்சு, அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். உங்கள் மகன் என்னை ஓரமாக அழைத்து, "அப்பாவுக்கு இவங்களை எப்படி அங்கிள் தெரியும்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதுதான் சரியான பதில்.

அண்ணே, என் சமையலறைக்கு எதிரே, அடுத்த புளோக்கில், ஒருவர் காலையில் ஜன்னலோரம் நின்று காபி குடிப்பார். வருடக்கணக்காக எதிரெதிரே நின்று குடித்துக்கொண்டிருக்கிறோம். இன்று காலை நான் கையைத் தூக்கினேன். அவர் சட்டென்று திரையை இழுத்துவிட்டார். கவர்மெண்ட் என்று நினைத்திருப்பார்.

நாளைக்கும் தூக்குவேன்.